யன்னலோரக் கறிவேப்பிலையும் அம்மாவின் முழங்காலும்

"டொக்டர், கறிவேப்பிலை ஏன் இலை கொட்டுது?" குளிர்காலத்தில் இருமலுக்கு அடுத்தபடியாக என்னிடம் கேட்கப்படும் கேள்வி இதுதான்.

1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது எங்கள் கிணற்றடியில் ஒரு கறிவேப்பிலை மரம் நின்றது. அதற்கு யாரும் வெளிச்சம் பார்த்து வைத்ததில்லை. குவேக்கர்ஸ் ஹில்லில் பூச்சாடியில் வளர்க்கும்போது பார்க்கத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலமே. சிட்னியிலோ டிசம்பரில் பகல் 14 மணித்தியாலத்துக்கும் மேல். யூனில் 10 மணித்தியாலம்கூட இல்லை.

கனடாவிலும் லண்டனிலும் உள்ள உறவினர்கள் "தெற்கு யன்னலில் வையுங்கோ" என்பார்கள். அது அவர்களுக்குச் சரி. இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகச் செல்வதால் நமக்கு வடக்கு யன்னலே நல்லது.

குளிர்காலம் (யூன் - ஓகஸ்ட்): நண்பகலிலும் சூரியன் தாழ்வாகவே நிற்கும். வடக்கு யன்னலால் வெயில் அறைக்குள் நன்றாக விழும். பூச்சாடியைக் கண்ணாடிக்குக் கிட்ட வையுங்கள். இரவில் இலை கண்ணாடியில் முட்டக் கூடாது. கொஞ்சம் இலை கொட்டினால் பயப்பட வேண்டாம். வெளிச்சம் குறைந்தால் செடி குடிக்கும் நீரும் குறையும். மேல்மண் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். இல்லாவிட்டால் வேர் அழுகும்.

இளவேனில் (செப்டெம்பர் - நவம்பர்): உறைபனி நின்றபின் வெளியே வைக்கலாம். முதல் வாரம் நிழலில், பிறகு காலை வெயிலில், பின்னர் முழு வெயிலில். ஒரேயடியாக வைத்தால் இலை கருகும்.

கோடை (டிசம்பர் - பெப்ரவரி): சூரியன் தலைக்கு மேலே ஏறிவிடும். வடக்கு யன்னலைக் கூரைத் தாழ்வாரமே மறைத்துவிடும். உள்ளே நிற்கும் செடிக்குக் கிழக்கு யன்னல் நல்லது. மேற்கு யன்னலின் பின்னேர வெயில் மென்மையான இலைகளைச் சுட்டுவிடும்.

இலையுதிர் காலம் (மார்ச் - மே): இரவுகள் குளிரத் தொடங்கியதும் மீண்டும் வடக்கு யன்னலுக்குக் கொண்டு வாருங்கள். வாரம் ஒருமுறை சாடியைக் கால்வாசி திருப்பி, இலைத் தூசியைத் துடையுங்கள்.

அறையின் வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிடாதீர்கள். இருட்டில் கண்மணி விரிந்து நம்மை ஏமாற்றிவிடும். நண்பகலில் செடி நிற்கும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, மேலே கையைப் பிடியுங்கள். நிழல் தெளிவாக விழுந்தால் வெளிச்சம் போதும். மங்கலாக விழுந்தால் மணி பிளாண்டுக்குப் போதும், கறிவேப்பிலைக்குப் போதாது.

இனி சுகாதாரப் பக்கத்தில் இதை எழுதும் காரணத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டு வடக்கு யன்னலடியில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் அம்மாவும் கதிரை போட்டு வெயில் காய்வார். "நல்ல வெயில் படுது" என்று நானும் பேசாமல் இருந்தேன். செடி தளிர்த்தது. அம்மாவோ தொடை உளைவு என்றார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். வயது என்று நினைத்தேன். இரத்தம் சோதித்தபோது விற்றமின் டி மிகக் குறைவு. வைத்தியரான மகன் கவனித்தது செடியைத்தான்.

யன்னல் கண்ணாடி செடிக்கு வேண்டிய ஒளியை உள்ளே விடும். ஆனால் நமது தோலில் விற்றமின் டி உண்டாக்கும் புறஊதாக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். கறுத்தத் தோலுக்கு வெள்ளைத் தோலைவிடக் கூடிய நேரமும் தேவை.

ஆகவே குளிர்காலத்தில் நண்பகலில் பெரியவர்களைக் கைச்சட்டையை மடித்துவிட்டு வெளியே நடக்க அழைத்துச் செல்லுங்கள். கோடையில் சிறிது நேரம் போதும். புறஊதாச் சுட்டெண் 3 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது நீண்ட நேரம் வெளியில் நின்றால் தொப்பியும் நிழலும் அவசியம்.

தசை பலவீனமோ எலும்பு நோவோ இருந்தால் உங்கள் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். 2014 முதல் இப்பரிசோதனைக்கு மெடிக்கெயார் கட்டுப்பாடு வைத்திருந்தாலும், மிகக் கறுத்தத் தோலுள்ளவர்களுக்கு இடமுண்டு. லீற்றருக்கு 50 நானோமோலுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. நீங்களாகவே அதிக அளவு மாத்திரை எடுக்க வேண்டாம். இரத்தத்தில் கல்சியம் கூடிவிடும்.

இப்போது அம்மா மத்தியானத்தில் முற்றத்தில் இருக்கிறார். கறிவேப்பிலை யன்னலுக்கு உள்ளே நிற்கிறது.