மஞ்சள் விளக்கு எரியும் கெப்

வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியாகும் வாரத்தில் கண்டிப் பக்கத்து டீசல் கெப் வண்டிகளுக்குத் திடீரென்று ராஜ மரியாதை கிடைக்கும். எயார் ஃபில்டர் மாறும், எஞ்சின் ஒயில் மாறும். பரிசோதனை நிலையத்துக்குப் போகும் வழியில் இரண்டாம் கியரிலேயே உறுமவிட்டு ஏற்றம் ஏற்றி, படிந்த கரியை ஊதித் தள்ளுவார்கள். ‘இகோ டெஸ்ட்’ தாண்டிவிட்டால் அடுத்த வருடம்வரை கவலை இல்லை. வருடம் முழுவதும் மீற்றர் பலகையில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் யாரும் அசையமாட்டார்கள். கண்ணை உறுத்துகிறது என்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியவர்களும் உண்டு.

என் கட்சி இதற்கு நேர்மாறானது. வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் புகைப் பரிசோதனையைவிட அந்த மஞ்சள் விளக்குதான் கண்டியின் காற்றைப் பற்றி அதிகம் சொல்கிறது.

இலங்கையில் 2008 இல் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனை டீசல் வண்டியிடம் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: புகை எவ்வளவு கறுப்பு? வண்டியை நியூட்ரலில் வைத்து அக்சிலேட்டரைத் தரையோடு மிதிப்பார்கள். சைலன்ஸர் குழாயில் செருகிய கருவி அந்தப் புகையின் ஊடாக ஒளியைச் செலுத்தி, எவ்வளவு வெளிச்சம் மறைகிறது என்று கணக்கிடும். இப்படிச் சில தடவை மிதித்துச் சராசரி எடுப்பார்கள். கரி கவனிக்க வேண்டிய சாமான்தான், மறுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 ஜூனில் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் வகுப்பில் சேர்த்தது. ஆனால் டீசல் எஞ்சினின் இன்னொரு கழிவு இந்த ஒளிக்கருவியின் கண்ணில் படுவதே இல்லை.

அது நைதரசன் ஒட்சைட்டுகள். எரியறையில் வெப்பம் மிக உயரும்போது காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் கூடிவிடும். இதைத் தடுக்கத்தான் வெளியேறும் புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர். வால்வு. எரிந்து முடிந்த புகையில் ஒட்சிசன் குறைவு. ஆகவே எரிதலின் உச்ச வெப்பம் தணியும், நைதரசன் ஒட்சைட்டு குறையும். அதற்கு விலையும் உண்டு; கரி சற்றுக் கூடும். திரும்பி வரும் கரி, உள்ளிழுக்கும் குழாய்களில் ஒயில் ஆவியோடு சேர்ந்து தார்போல் கட்டிக்கொள்ளும். அதனால் கராஜுகளில் ஒரு வைத்தியம் பிரபலம். ஈ.ஜி.ஆர். குழாயின் வாயில் ஓர் இரும்புத் தகட்டை வைத்து அடைத்துவிடுவது.

தகடு அடித்த வண்டி என்ன செய்யும்? கரி குறையும். இகோ டெஸ்டில் முன்னைவிட நல்ல புள்ளி வாங்கும். நைதரசன் ஒட்சைட்டை மட்டும் தாராளமாகக் கக்கும். கரியை மட்டும் பார்க்கும் பரிசோதனை, தெரியாமலே இந்தத் தகட்டுக்குப் பரிசு கொடுக்கிறது. மாட்டிவிடுவது மஞ்சள் விளக்குத்தான்: ‘பி 0401’, ஈ.ஜி.ஆர். ஓட்டம் போதாது. அதையும் வாயடைக்க, எஞ்சின் கணினியின் மென்பொருளைத் திருத்திக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடற்கரை ஊரில் இது பெரிய தப்பு என்றால் கண்டியில் இன்னும் பெரிய தப்பு. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், ஹந்தானை மலைத்தொடரும் உடவத்தகெலேயும் பஹிரவகந்தையும் சூழ்ந்த குழிக்குள் கிடக்கிறது. தெளிந்த இரவுகளில் மலைச்சரிவின் குளிர்காற்று வழிந்து அடியில் தங்கும். அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று படிந்து நிற்கும். காலையில் ஊரே மூடி போட்ட சட்டிதான். சூரியன் ஏறி அந்த மூடியைக் கலைப்பதற்கு முன்பே பாடசாலை வேன்களும் பஸ்களும் கெப்களும் பேராதனை வீதியிலும் கட்டுகஸ்தோட்டை வீதியிலும் நின்று நின்று நகரத் தொடங்கிவிடும். கொழும்பின் புகையைக் கடல்காற்று அள்ளிக்கொண்டு போகும். இங்கே அள்ள ஆளில்லை. பேராதனைப் பல்கலைக்கழக இரசாயனவியல் பேராசிரியர் ஒலிவர் இலேபெரும பல வருடங்களாக எழுதியும் பேசியும் வந்த விடயம் இது. வெளியான நைதரசன் ஒட்சைட்டு பகல் வெயில் பட்டதும் பெற்றோல் ஆவிகளோடு சேர்ந்து தரைமட்ட ஓசோனாக மாறி நெஞ்சுக்குள் இறங்கும்.

சரி, பொனெட்டைத் திறப்போம்.

எயார் ஃபில்டரைத் தாண்டியவுடன் குழாயில் பொருத்தியிருப்பது காற்றோட்டத்தை அளக்கும் சென்சர். உள்ளே மயிரிழை போன்ற ஒரு சூடான கம்பி, அல்லது சூடான மெல்லிய படலம். கடந்துபோகும் காற்று அதைக் குளிர்விக்கும். மறுபடி அதே சூட்டில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதிலிருந்து எத்தனை கிராம் காற்று போனது என்று கணினி தெரிந்துகொள்ளும். தெல்தோட்டை, கலஹா பக்கத்துத் தோட்ட வீதிகளில் கொழுந்து ஏற்றி ஓடும் வண்டியில் இந்தக் கம்பிமீது நுண்தூசு படியும். ஒயில் தடவிய ‘ஸ்போர்ட்ஸ்’ ஃபில்டர் மாட்டியிருந்தால் ஒயிலும் சேர்ந்து படியும். அப்புறம் கம்பி உள்ளதைவிடக் குறைந்த காற்றையே காட்டத் தொடங்கும்.

டீசல் கணினி ஈ.ஜி.ஆர். அளவைத் தீர்மானிப்பதும் பெரும்பாலும் இந்தச் சென்சரை வைத்துத்தான். புகை அதிகம் திரும்பினால் புதிய காற்றுக்கு இடம் குறையும் என்பது கணக்கு. அழுக்குச் சென்சர் ‘காற்று குறைவு’ என்று சொன்னால், புகை கூடிவிட்டது என்று எண்ணி கணினி ஈ.ஜி.ஆர். வால்வை மூடும். டீசலையும் குறைக்கும். விளைவு, கடுகண்ணாவை ஏற்றத்தில் வண்டி இழுக்காது, நைதரசன் ஒட்சைட்டு கூடும், கறுப்புப் புகை மட்டும் வராது. யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. தகடு அடித்த அதே பலன் தானாக வந்துவிட்டது. இந்தச் சென்சரைத் துடைக்க அதற்கென்றே விற்கும் ஸ்பிரே வாங்குங்கள். கார்புரேட்டர் கிளீனர் அதற்கு ஆகாது; விரலும் கொம்ப்ரஸர் காற்றும் கம்பியை முடித்துவிடும்.

அடுத்தது உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தத்தை அளக்கும் சென்சர். டேர்போ எவ்வளவு காற்றைத் திணிக்கிறது என்று பார்ப்பது இதன் வேலை. மலைநாட்டு வண்டிக்கு இது முக்கியம். கண்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு குறைவு. கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறினால் நூற்றுக்கு இருபது குறைந்துவிடும். அதற்கேற்ப டீசலைக் குறைக்காத வண்டி மேலே போகப் போகக் கறுப்பாகவே விடும்.

இங்கே அதிகம் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முனைச் சொக்கெட்டில் ஒரு சின்ன புளூடூத் கருவியைச் செருகி, கைத்தொலைபேசியில் அளவுகளைத் திறந்து, சாவியை மட்டும் திருப்புங்கள். எஞ்சின் ஓடவேண்டாம். அழுத்தச் சென்சர் அப்போது வெறும் ஊர்க்காற்றைத்தான் காட்டவேண்டும். கொழும்பில் சுமார் 101 கிலோபாஸ்கல், கண்டியில் 95 அல்லது 96, நுவரெலியாவில் 81 அளவு. கண்டியில் நின்றுகொண்டு அது 101 காட்டினால் சென்சரிலோ வயரிலோ கோளாறு. விடியற்காலையில், இரவு முழுக்க நின்ற வண்டியில் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: எஞ்சின் தண்ணீர், உள்ளே வரும் காற்று, சைலன்ஸர் என்று எல்லா வெப்பச் சென்சர்களும் ஓரிரு பாகை வித்தியாசத்தில் ஒரே எண்ணைச் சொல்லவேண்டும். கூட்டத்தில் ஒன்று தனியாக 60 பாகை என்றால் அதுதான் பொய்யன்.

புதிய தலைமுறை கெப்களில் கரிவடிகட்டி இருக்கும். பீங்கான் தேன்கூட்டில் கரியைச் சேர்த்துவைத்து, அவ்வப்போது ஏறத்தாழ 600 பாகையில் எரித்துத் தீர்ப்பது அதன் முறை. எவ்வளவு சேர்ந்தது என்பதை வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை வைத்து ஒரு சென்சர் சொல்லும். இரண்டு மெல்லிய றப்பர் குழாய்கள்தான் அதற்குத் தகவல் கொண்டுவருபவை. அந்தக் குழாய் வெடித்திருந்தாலோ உள்ளே கரித்தண்ணீர் அடைத்திருந்தாலோ நல்ல வடிகட்டியைக் கெட்டது என்றும் கெட்டதை நல்லது என்றும் கணினி நம்பிவிடும். சில நூறு ரூபாய்க் குழாய்க்காக இலட்சக்கணக்கான ரூபாய் வடிகட்டியைக் கழற்றி எறிந்தவர்கள் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

கண்டி நகரத்து ஓட்டம் இந்த வடிகட்டிக்குச் சத்துரு. மஹியாவையிலிருந்து பாடசாலைக்கும் அங்கிருந்து சந்தைக்கும் ஓடினால் கரி எரிவதற்கான சூடு ஏறவே ஏறாது. எரிக்கும் முயற்சி பாதியில் நிற்க நிற்க, அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் எஞ்சின் ஒயிலில் கலக்கும். ஒயில் அளவுகோலில் மட்டம் உயர்ந்தால் சந்தோஷப்படவேண்டாம். குருணாகல் பக்கம் போகும் வேலை இருந்தால், 2022 ஜனவரியில் திறந்த மீரிகம வரையான அதிவேக வீதியில் இருபது நிமிடம் சீராக ஓட்டிவாருங்கள். வாய்ப்புள்ளபோது, 2018 ஜூலையில் அறிமுகமான யூரோ 4 தரச் சுப்பர் டீசலை அடியுங்கள். சாதாரண ஒட்டோ டீசலில் கந்தகம் பல மடங்கு அதிகம். அது வடிகட்டியின் ஊக்கிப் பூச்சையும் கெடுக்கும், ஈ.ஜி.ஆர். குளிர்விப்பானில் அமிலமாகவும் வடியும்.

பெற்றோலில் ஓடும் சிறிய லொறிகளில் கதாநாயகன் ஒட்சிசன் சென்சர். இதன் பூர்வீகம் சுவாரசியமானது. ஜேர்மன் விஞ்ஞானி வால்தர் நேர்ன்ஸ்ட் 1897 இல் ஒரு மின்விளக்கு செய்தார். அதில் ஒளிர்ந்தது சேர்க்கோனியம் ஒட்சைட்டும் இற்றியம் ஒட்சைட்டும் கலந்த பீங்கான் தண்டு. எடிசன் வழி பல்புகள் முன்னேறியதும் விளக்கு மறைந்தது. ஆனால் சூடேறிய அந்தப் பீங்கான் ஒட்சிசன் அயன்களைக் கடத்தும் என்ற குணம் நிலைத்தது. ஒரு பக்கம் வெளிக்காற்றும் மறுபக்கம் புகையும் இருந்தால், ஒட்சிசன் வித்தியாசத்துக்கேற்ப மின்னழுத்தம் பிறக்கும். பொஷ் நிறுவனம் இதைச் சென்சராக்கி 1976 இல் தயாரிக்கத் தொடங்கியது. கலிபோர்னியாவுக்குப் போன வொல்வோ கார்கள் முதலில் மாட்டிக்கொண்டன. எரிபொருள் மிஞ்சினால் 0.9 வோல்ற் அளவு, காற்று மிஞ்சினால் 0.1 அளவு. நலமான வண்டியில் இது இரண்டுக்குமிடையே விடாமல் ஊசலாடும்.

ஈயம் இதற்கு நஞ்சு. இலங்கை 2002 ஜூனில் ஈயப் பெற்றோலைக் கைவிட்டதனால்தான் இந்தச் சென்சர்கள் இங்கே பிழைக்கின்றன. இன்றைய நஞ்சு சிலிக்கோன். கஸ்கெட்டுக்குப் பதிலாகக் கண்ட சிலிக்கோன் பசையையும் பூசினால், அதன் ஆவி பீங்கான்மீது கண்ணாடிபோல் படிந்துவிடும். சென்சருக்குத் தீங்கில்லை என்று குறிப்பிட்ட பசையைக் கேட்டு வாங்கவேண்டும்.

“அண்ணே, சென்சர் போயிருச்சு, மாத்தணும்.” கராஜில் எத்தனையோ தடவை கேட்கும் தீர்ப்பு இது. குறியீடு சொல்வது எங்கே கணக்கு ஒத்துவரவில்லை என்பதை மட்டுமே. சென்சருக்கு முன்னால் சைலன்ஸர் குழாயில் மெல்லிய வெடிப்பு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சர் ‘ஒட்சிசன் அதிகம்’ என்று உள்ளதைத்தான் சொல்லும். கணினி அதை நம்பி எரிபொருளைக் கொட்டும். புதுச் சென்சர் மாட்டினாலும் அதே பாட்டுத்தான். குழாய், கிளிப், வயர் பிளக், எலி கடித்த இடம் என்று பார்த்து முடித்த பிறகே சென்சர்மீது கை வைக்கலாம். குறியீட்டை அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள். எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் கோளாறு பதிந்தது என்ற விவரமும் அதோடு அழிந்துவிடும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய கெப்கள் இன்னும் பழையவையாகின. கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் கழற்றிய சென்சர்கள் மலையேறி வந்தன. கழற்றியது எல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிளக் பொருந்துகிறது என்பதற்காக வாங்கக்கூடாது. உடலில் பொறித்த இலக்கம் கடைசி எழுத்துவரை ஒத்திருக்கவேண்டும். தோற்றம் ஒன்றாயிருந்தாலும் அளவுகோல் வேறாக இருக்கும்.

2015 செப்டெம்பரில் டீசல் புகை மோசடியில் வொக்ஸ்வாகன் மாட்டியதும் பரிசோதனைக் கூடத்தில் அல்ல. வண்டியோடு கருவியைக் கட்டி வீதியில் ஓட்டிப் பார்த்த மேற்கு வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்தார் கண்ட முரணிலிருந்து அந்தக் கதை தொடங்கியது. ஒளிக்கருவி போதாது என்பதை ஐரோப்பாவும் ஒப்புக்கொண்டுவிட்டது. நெதர்லாந்தும் ஜேர்மனியும் 2023 முதல் கரிவடிகட்டி உள்ள டீசல் வண்டிகளில் துகள்களை எண்ணிப் பார்க்கின்றன. அமெரிக்காவின் பல மாநிலங்களில் 1996 முதலான கார்களுக்குச் சொக்கெட்டில் வயரைச் செருகிக் குறியீடு வாசிப்பதே பரிசோதனை. துகள் எண்ணும் கருவி விலை கூடியது, அதற்குக் காலமெடுக்கலாம். குறியீடு வாசிப்பதற்கு அந்தச் சாட்டுக் கிடையாது. புதிய கெப்பில் சொக்கெட் இருக்கிறது, பரிசோதனை நிலையத்தில் கணினி இருக்கிறது. இடையில் வேண்டியது ஒரு வயரும் ஒரு வர்த்தமானி அறிவித்தலும்.