மனச்சோர்வு மருந்தும் அதனை உண்டோர் வாய்மொழியும்

மருந்து உண்போர் முதலில் எதிர்பார்ப்பது நோய் தணிதலையே. மருந்தினால் ஏதேனும் தொல்லை உண்டாயின் அது பின்னர் வரட்டும் என்பது அவர்தம் எண்ணம். தலையிடிக்குக் குளிசை உண்பவர் சற்று நேரத்தில் ஆறுதல் பெறுகின்றார். மனச்சோர்வு நோய்க்கு வழங்கப்படும் மருந்துகளோ இவ்வொழுங்கைத் தலைகீழாக்குகின்றன. நாவறட்சி, குமட்டல், நித்திரைக் குழப்பம், கைநடுக்கம் ஆகியன முதல் வாரத்திலேயே வந்துவிடுகின்றன. மனம் தெளிவதற்கோ பல வாரங்கள் செல்கின்றன. ஏற்கெனவே நம்பிக்கை வறண்டு கிடக்கும் ஒருவரிடம், "இப்போதைய துன்பத்தைப் பொறுத்திரும், குணம் பின்னர் வரும்" என்று சொல்வது எத்துணைக் கடினமான கோரிக்கை என்பதை நலமாயிருப்போர் உணர்தல் அரிது.

இம்மருந்துகளைப் பற்றி வைத்திய உலகம் இன்று அறிந்திருப்பவற்றுள் கணிசமான பகுதி ஆய்வுகூடத்திற் பிறந்ததன்று. அவற்றை விழுங்கியவர்களும் அவர்தம் வீட்டாரும் வாய்திறந்து சொன்னமையாலேயே அது தெரியவந்தது.

அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஸ்டைரன் அவ்வாறு வாய்திறந்தவர்களுள் ஒருவர். 1985ஆம் ஆண்டில், அறுபதாவது வயதில், அவரை இந்நோய் பற்றிக்கொண்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் இலக்கியப் பரிசொன்றைப் பெறுவதற்காகப் பாரிஸ் நகருக்குச் சென்றவர், பரிசு கைக்கு வந்த வேளையிலும் மகிழ இயலாதவராய் நாடு திரும்பினார். மப்ரோட்டிலின் என்னும் மருந்து அவருக்குக் கொடுக்கப்பட்டது. அது அவரை இருப்புக்கொள்ளாது தவிக்கச் செய்தது. அளவு கூட்டப்பட்டபோது, ஓரிரவு பல மணி நேரம் சிறுநீர் கழிக்க முடியாது வருந்தினார். வேறு மருந்துக்கு மாறுவதாயின், பழைய மருந்து உடம்பை விட்டு நீங்குவதற்கு மேலும் பத்து நாள் காத்திருக்கவேண்டும் என்றார் வைத்தியர். நாட்காட்டியில் பத்து நாள் சிறியது. ஒவ்வொரு மணியையும் எண்ணிக் கழிப்பவனுக்கு அது சிறியதன்று.

அடுத்து வந்தது பினெல்சீன். அதற்கு உணவு விலக்குகள் பல இருந்தன. ஆண்மைக் குறைவு உண்டாகலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. உயிரோடிருப்பதே சுமையாய்ப் போன மனிதனிடம் சிற்றின்பம் குறையலாம் என்று எச்சரித்ததை, அத்துன்பத்தின் நடுவிலும் ஒரு விசித்திரமாகவே ஸ்டைரன் கண்டார். ஈற்றில் ஏறத்தாழ ஏழு வாரம் வைத்தியசாலையில் தங்கியே அவர் மீண்டார். தம்மைக் காத்தவை மருந்துகளைவிடத் தனிமையும் காலமுமே என்று, 1990இல் நூலாக வெளிவந்த தம் வரலாற்றில் அவர் எழுதினார். இது ஒரு மனிதரின் சாட்சியமேயன்றி எல்லோருக்குமான தீர்ப்பன்று. அதே மருந்துகளாற் குணமடைந்து தொழிலுக்கும் குடும்பத்திற்கும் திரும்பியவர்கள் பலர்.

பினெல்சீனுக்கு உணவு விலக்கு ஏன்? நம்மவர் பத்தியம் என்று கூறும் இந்த விடயம் மேனாட்டு மருந்தொன்றில் நுழைந்த கதை சுவையானது. அதன் தொடக்கம் ஒரு சயரோக வைத்தியசாலையில் இருக்கின்றது.

நியூயோர்க் நகரின் ஸ்ரேற்றன் தீவிலுள்ள சீவியூ வைத்தியசாலையில், 1952ஆம் ஆண்டளவில், ஐசோனியசிட், இப்ரோனியசிட் என்னும் இரு சகோதர மருந்துகள் சயரோகத்திற்குப் பரீட்சிக்கப்பட்டன. படுக்கையிற் கிடந்த நோயாளர் நெஞ்சு நோய் தணியவே உற்சாகமுற்றனர். ஆயின் இப்ரோனியசிட் உண்டவர்களின் உற்சாகம் நோய் தணிந்ததற்கு உரிய அளவையும் விஞ்சி நின்றது. நோயாளர் ஆடிப்பாடியதாகப் பத்திரிகைகள் படத்துடன் எழுதின. சயரோகத்தைப் பொறுத்தவரை அது வெறும் பக்கவிளைவு. அந்தப் பக்கவிளைவையே பயனாகக் கொண்டு, 1957இல் நேதன் கிளைன் முதலியோர் அதனை மனச்சோர்வுக்குப் பயன்படுத்தினர். ஈரலைத் தாக்கி மஞ்சட் காமாலையை உண்டாக்கியமையால் 1961இல் அமெரிக்கச் சந்தையினின்றும் அது நீங்கியது. ஆயினும் அதே வழியில் வேலைசெய்யும் பினெல்சீன் போன்றவை நிலைத்தன.

இவ்வகை மருந்தை உண்டுவந்த தம் மனைவிக்குப் பாற்கட்டி சாப்பிட்டதும் கடுந்தலையிடியும் நெஞ்சுப் படபடப்பும் உண்டாவதை, இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரத்து மருந்தாளர் ஒருவர் கவனித்தார். பாலும் வெண்ணெயும் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் குறித்துக்கொண்டு, லண்டனில் மோட்ஸ்லி வைத்தியசாலையிலிருந்த இளம் வைத்தியர் பரி பிளக்வெல் என்பாருக்குக் கடிதம் எழுதினார். உணவுக்கும் மருந்துக்கும் இப்படியொரு பகை உண்டென்பது முதலில் நகைப்பையே விளைத்தது. 1963இல் பிளக்வெல் அதனை மெய்யென்று நிறுவினார். பழைய பாற்கட்டியில் ரைரமின் என்னும் பொருள் மிகுதி. குடலிலும் ஈரலிலுமுள்ள நொதியம் ஒன்று அதனைச் சாதாரணமாக அழித்துவிடும். இம்மருந்து அந்நொதியத்தைத் தடுத்துவிடுவதால், ரைரமின் அழியாது இரத்தத்திற் கலந்து இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்துகின்றது. மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு மாண்டவர்களும் உண்டு. உணவு மேசையருகே ஒரு கணவர் கண்ட உண்மை, வைத்தியர்கள் வருடக்கணக்காய் மருந்து எழுதியும் காணாதது.

இலங்கை நேயருக்கு இக்கதையில் ஓர் உறவு உண்டு. இப்ரோனியசிட்டின் சகோதரமாகிய ஐசோனியசிட் இன்றும் சயரோகத்திற்கு வழங்கப்படுகின்றது. அதனை உண்டுவந்த நோயாளர் சிலர் சூரை இன மீனைச் சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடத்தமையை 1970களில் இலங்கை வைத்தியர் சி. ஜி. உரகொட ஆராய்ந்து வெளியிட்டார். அங்கே குற்றவாளி, பழுதுறத் தொடங்கிய மீனில் மிகும் ஹிஸ்ரமின் என்னும் பொருள். பாற்கட்டி அரிதான நாட்டில் மீன் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

மற்றொரு மருந்துக் குடும்பம் சுவிற்சலாந்திலே தோன்றியது. மூன்ஸ்ரர்லிங்கன் என்னும் ஏரிக்கரை ஊரின் மனநோய் வைத்தியசாலையில் றோலண்ட் கூன் என்பவர் இமிப்ரமின் என்னும் பொருளை வேறொரு மனநோய்க்குக் கொடுத்துப் பயன் காணாது, மனச்சோர்வுற்றோருக்குக் கொடுத்து 1957இல் அதன் பயனை வெளியிட்டார். நோயாளரோடு நெடுநேரம் உரையாடியே அவர் மாற்றத்தை அறிந்தார். இமிப்ரமின் நாவறட்சி, மலச்சிக்கல், பார்வை மங்கல், எழும்போது தலைசுற்றல் என்பவற்றைத் தரும்; அளவு மிஞ்சினால் இதயத்தைத் தாக்கும். உயிரில் வெறுப்புற்றவர் கையில் அத்தகைய மருந்தை மொத்தமாகக் கொடுப்பது ஆபத்தென்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அவ்வாபத்துக் குறைந்தவையாய் வந்தவையே 1987இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற புளுவொக்செற்றீனும், பின்வந்த சேர்ட்ரலீன், பரொக்செற்றீன் முதலியனவும். இவை செரற்றொனின் என்னும் பொருளை நரம்புகளுக்கிடையே கூடுதலாக நிற்கச் செய்வன. உடம்பிலுள்ள செரற்றொனினில் நூற்றுக்கு 90 பங்களவு இருப்பது மூளையிலன்று, குடலில். மனத்துக்கென உண்ட குளிசை முதலில் வயிற்றைக் குமட்டுவதன் காரணம் இதனால் விளங்கும். மூளையில் இப்பொருள் விரைவிற் கூடியும் மனம் தெளிய வாரக்கணக்காவது ஏன் என்பதற்கு ஆய்வாளர் இன்னும் ஒருமித்த விடை கூறவில்லை. ஆயினும் பயன் பொய்யன்று: 522 சோதனைகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த ஆய்வு, 21 மருந்துகளும் வெறுங்குளிசையை விஞ்சுவதாகக் கண்டது. அந்த மிகை பெரிதன்று என்பதும் அதே ஆய்வின் கூற்று.

புதிய மருந்துகளால் விளையும் தொல்லைகளுள் ஒன்று நெடுங்காலம் மறைந்திருந்தது. இல்லற இன்பத்தில் நாட்டமும் ஆற்றலும் குறைதலே அது. 1997இல் ஸ்பெயின் நாட்டில் 344 நோயாளரிடம் செய்த ஆய்வில், தாமாக அதனைச் சொன்னோர் நூற்றுக்கு 14 பேர். வைத்தியர் நேராகக் கேட்டபோது ஒப்புக்கொண்டோர் 58 பேர். இடைப்பட்ட 44 பேரும் நாணத்தால் மௌனமாயிருந்தனர். அவருட் சிலர் காரணம் கூறாமலே மருந்தை நிறுத்தியிருக்கவும் கூடும். வேறு சிலர், துக்கம் போனதோடு மகிழ்ச்சியும் போயிற்று, பிள்ளையின் சிரிப்பும் மனத்தைத் தொடவில்லை என்பர். அது நோயின் எச்சமா மருந்தின் செயலா என்று பிரித்தறிவது வைத்தியருக்கும் எளிதன்று. அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டிவரும்.

இளையோர் விடயத்தில் வீட்டாரின் கண் மிக வேண்டப்படுவது. சிறுவரும் இளைஞரும் இவற்றை உண்ணத் தொடங்குங்கால் தற்கொலை எண்ணம் சிலரிடம் கூடக்கூடும் என 2004இல் அமெரிக்க அரசு பொதிகளில் எச்சரிக்கை அச்சிடச் செய்தது; 2007இல் 24 வயது வரையினோருக்கும் அதனை விரித்தது. முதல் வாரங்களில் நித்திரையின்றி உலாவுதல், காரணமற்ற சினம், இருப்புக்கொள்ளாமை என்பன காணப்படின், அடுத்த முறை வரை காத்திராது வைத்தியருக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

மருந்தை நிறுத்தும் வேளையிலும் தொல்லை உண்டு. திடீரென நிறுத்தியோர் தலைசுற்றல், பயங்கரக் கனவு, எரிச்சல் என்பவற்றோடு, தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்ச்சியையும் கூறினர். பரொக்செற்றீனில் இது மிகுதி. உடம்பில் நெடுநாள் தங்கும் புளுவொக்செற்றீனிற் குறைவு. இத்தொல்லை சிறிது, ஓரிரு வாரத்தில் மறையும் என்றே வைத்திய நூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. அல்லவென்று மாதக்கணக்காய் வருந்தியோர் எழுதியும் பேசியும் வந்தனர். 2019இல் பிரித்தானியாவின் மனநல வைத்தியர் கல்லூரி தன் நிலைப்பாட்டை மாற்றி, சிலரிடம் அது கடுமையாகவும் நீண்டும் இருக்கும் என ஒப்புக்கொண்டது.

மருந்தின் அளவை ஒரே சீராகப் பாதி, கால் என்று குறைத்தல் போதாதென்பதும் இப்போது விளங்கியிருக்கின்றது. சிறிய அளவே மூளையின் உரிய இடங்களுட் பெரும்பகுதியை நிரப்பிவிடுவதால், முதலிற் பெரிதாகக் குறைப்பது அதிகம் உறைப்பதில்லை. கடைசிச் சிறு துண்டை விடுவதே பெரிய வீழ்ச்சியாகின்றது. ஆதலின் வைத்தியர் சிலர் ஈற்றில் குளிசையை விட்டுத் திரவ மருந்துக்கு மாற்றி, துளித்துளியாக, மாதங்கள் எடுத்துக் குறைக்கின்றனர்.