உங்களுக்குத் தெரியுமா? மாயலோகத்துச் 'சும்மா ஆக்கள்'

பின்னேரம் கொழும்புத்துறை இறங்குதுறைப் பக்கம் காற்று வாங்கப் போனால், போனுக்குள் தலையைப் புதைத்த பெடியள் நாலு பேராவது இருப்பார்கள். "டிராகன் ஊரைக் கொளுத்திப்போட்டுது" என்றான் ஒருவன். "எத்தினை பேர் செத்தது?" என்று கேட்டேன். "அது சும்மா ஆக்கள் அங்கிள், கணக்கில்லை." அந்தக் கணக்கில்லாத சனத்தின் கணக்குத்தான் இந்த வாரம்.

◆ மாயலோக விளையாட்டுகளுக்கெல்லாம் பாட்டன், 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதன் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு சாதாரண குடிமகனின் உயிர் 4 புள்ளி. பூனை ஒருதரம் பிறாண்டினால் 1 புள்ளி போகும். நாலாவது பிறாண்டலில் ஆள் விழுந்துவிடும். மிக மூத்த சிவப்பு டிராகன் ஒருமுறை நெருப்பு மூச்சு விட்டால் சராசரிச் சேதம் 91 புள்ளி. ஒரே ஆளை 22 தரம் கொன்றும் மிச்சம் இருக்கும்.

◆ 2011இல் வந்த 'ஸ்கைரிம்' விளையாட்டில் ஊர்க்கோழி ஒன்றை அடித்துப் பாருங்கள்; ஊரே திரண்டு உங்கள் மேல் பாயும். டிராகன் இறங்கினாலும் அதே சனத்தில் சிலர் குத்துவாளைத் தூக்கிக்கொண்டு அதை நோக்கி ஓடுவார்கள். வீரம் பெரிதுதான். அடுத்த நாள் சாமான் வாங்கப் போனால் கடை இருக்கும், முதலாளி இருக்கமாட்டார்.

◆ அதே உலகில் சாகாவரம் பெற்றவர்கள் இரண்டே வகை. ஒன்று, குழந்தைகள். மற்றது, கதை நகரத் தேவைப்படுகிறவர்கள். இந்த இரண்டாம் வகையினர் எவ்வளவு வெட்டுப்பட்டாலும் முழங்காலில் குந்தி எழும்பிவிடுவார்கள். உங்களோடு நட்பாயிருந்த சாதாரண ஆள் செத்தாலோ, முதுசக் காசு உங்களுக்கென்று கடிதம் வரும். ஆட்சியாளரின் வரி அதில் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும்!

◆ 'மைன்கிராஃப்ட்' விளையாட்டில் ஊரவர் ஒருவரை நடைபிணம் கொன்றால் அவரும் நடைபிணம் ஆவாரா? சுலப நிலையில் ஆகமாட்டார்; நடு நிலையில் பாதிக்குப் பாதி; கடின நிலையில் நிச்சயம். மருந்தடித்துத் தங்க ஆப்பிள் ஊட்டினால் குணமாவார். குணமாக்கியவருக்கு நன்றியோடு மலிவு விலையில் சாமான் தருவார். இதை அறிந்த ஆட்டக்காரர்கள், விலை குறைப்பதற்கென்றே ஊரவருக்கு வேண்டுமென்று நோயைத் தொற்றவைத்துப் பிறகு குணப்படுத்துகிறார்கள்.

◆ 2005 செப்டெம்பரில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' உலகத்தில் கொள்ளைநோய் ஒன்று பரவியது. ஹக்கார் என்ற பூதத்தோடு மோதுகிறவர்களை மட்டும், மோதுகிற இடத்தில் மட்டும் பிடிக்கவென்று செய்த சாபம் அது. ஆனால் வீரர்களின் வளர்ப்பு விலங்குகளில் தொற்றிக்கொண்டு நகரத்துக்குள் வந்துவிட்டது. பெரிய வீரர்கள் தாக்குப்பிடித்தார்கள்; புதிதாய்ச் சேர்ந்தவர்கள் நொடியில் செத்தார்கள்; தெருவெல்லாம் எலும்புக்கூடு. கணினி இயக்கும் கடைக்காரரும் காவலரும் சாகவில்லை, ஆனால் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் நோயைக் கொடுத்தபடி நின்றார்கள். தனிமைப்படுத்தியும் பலனில்லை, நிறுவனம் கடைசியில் உலகத்தையே நிறுத்தித் திரும்பத் தொடக்கியது. 2007இல் 'லான்செட்' குடும்பத்துத் தொற்றுநோய் இதழில் இது பற்றி ஆய்வுக் கட்டுரையே வந்தது.

◆ மாயலோகம் எங்களுக்குப் புதிதல்ல. பாரதத்தில் ஏகசக்கரம் என்ற ஊர், பகாசுரனோடு ஒப்பந்தம் போட்டுத்தான் உயிர் பிழைத்தது. முறைவைத்து வீட்டுக்கு வீடு ஒரு வண்டிச் சோறு, இரண்டு எருமை, கொண்டுபோகிற ஆளும் சேர்த்து. வீமன் வரும்வரை இதுதான் அந்த ஊரின் வரி.

◆ கந்தபுராணத்தில் சூரபன்மன் ஆட்சி வந்ததும் தேவர்களுக்கு விழுந்த வேலை, கடலில் மீன் பிடித்து அசுரர்களுக்குச் சுமப்பது. பக்கத்துப் பாசையூரில் விடியப்புறம் வலை இழுப்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்: எங்களுக்கு அது தொழில், தேவர்களுக்கு அது தண்டனை!

◆ மதுரையை எரித்த கண்ணகி, தீக்கடவுளிடம் ஒரு விலக்குப் பட்டியல் கொடுத்தாள்: அந்தணர், அறவழி நிற்போர், பசுக்கள், கற்புடைய பெண்கள், முதியோர், குழந்தைகள். சாகாவரப் பட்டியல் கணினிக்காரரின் கண்டுபிடிப்பல்ல. ஆனால் நடுவயதுச் சாதாரண ஆம்பிளை இரண்டு பட்டியலிலும் இல்லை; அவன் தன் பாட்டைத் தானே பார்க்கவேணும். அந்தக் கோபச் சூடு தணிய, மட்டக்களப்புக் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின் முடிவில் குளிர்த்தி பாடி அம்மனைக் குளிரப்பண்ணுவது இன்றும் உண்டு.

◆ மணிமேகலையில் புகார் நகரைக் கடல் கொண்டது யாருடைய பிழையால்? மணிபல்லவத்திலிருந்து வந்த கப்பல் உடைந்து தன் கைக்குழந்தை காணாமற்போக, துக்கத்தில் சோழன் இந்திரவிழாவை மறந்தான். மறந்தது ஒருவன், மூழ்கியது நகரம். எங்கள் நயினாதீவுதான் அந்த மணிபல்லவம் என்று சொல்வோர் பலர்.

◆ கணினி ஊர்ச்சனத்துக்கு அநேகமாகத் தெரியாத வித்தை ஒன்று உண்டு: மூட்டை கட்டுவது. டிராகன் போனதும் கொல்லன் மறுபடி அதே பட்டறையில் அதே இரும்பை அடிப்பான். எங்கள் சனத்துக்கு அது தெரியும்: போர் நெருங்கிய 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தின் இலட்சக்கணக்கான சனம் மழைக்குள் நாவற்குழி வழியே தென்மராட்சிக்கு நடந்தது. எங்கள் ஊரும் அப்போது வெறிச்சோடியது.

◆ 'சும்மா ஆக்களே' கதாநாயகர்களான விளையாட்டும் உண்டு. 2014இல் போலந்திலிருந்து வந்த 'திஸ் வோர் ஒஃப் மைன்', சரஜீவோ முற்றுகையிலிருந்து பிறந்தது. குறிசுடுநருக்குப் பயந்து பகலில் வீட்டுக்குள் அடைந்திருக்கவேண்டும். இரவில் விறகுக்கும் மருந்துக்கும் அலையவேண்டும். ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட தலைமுறைக்கு அதை விளையாட வழிகாட்டி தேவைப்படாது.

◆ கடைசியாக, மின்சாரமே தேவைப்படாத ஒன்று: ஆடுபுலி ஆட்டம். புலி 3, ஆடு 15. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. ஆனால் ஆடுகள் கூடி நின்று புலிக்கு நகர இடமில்லாமல் செய்தால் ஆட்டுப் பக்கம் வெற்றி. அதோடு, வெட்டுப்பட்ட ஆட்டைக் கட்டத்துக்கு வெளியே எடுத்து வைப்பார்கள். எத்தனை போனதென்று ஆடுகிற இருவருக்கும் எந்நேரமும் தெரியும்.