கையெழுத்துப் போடுமுன் பேசுங்கள்

மலேசியாவில் 21 வயது நிறையாத பிள்ளையின் திருமணத்துக்குத் தந்தையின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும். 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்த, முஸ்லிம் அல்லாதோருக்கான திருமண, மணவிலக்குச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கையெழுத்து ஒரு நிமிட வேலை. அதற்கு முன் பிள்ளைகளிடம் என்ன பேசினோம்?

ரெம்பாவ் தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பத்தில் வளர்ந்தவள் நான். எங்கள் லயத்தில் 18, 19 வயதில் மணம் முடித்தவர்கள் பலர். சின்னஞ்சிறுசுகள் சண்டை போட்டால் அடுத்த வீட்டுப் பெரியம்மா காதில் விழும். விடிவதற்குள் சமாதானம் செய்துவிடுவார். ஆனால், "பொறுத்துப் போ" என்ற புத்திமதி பெரும்பாலும் பெண்ணுக்கே கிடைத்தது. இன்று பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை. பிள்ளைகளுக்குச் சிரம்பானிலும் செனவாங்கிலும் வேலை, வாடகை வீடு. சண்டை வந்தால் விலக்கிவிட ஆளில்லை.

தமிழ்ப்பள்ளியில் நன்னெறிக் கல்வி படித்தார்கள்; குறளும் ஒப்பித்தார்கள். அந்தப் பாடம் குடும்பத்தில் எப்படி நடக்கும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். நான் மூன்று பேச்சுகளைச் சொல்வேன்.

முதலாவது, பணம். இருவர் சம்பளம், மோட்டார்த் தவணை, பெற்றோருக்குக் கொடுப்பது எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதட்டும். கடனை மறைக்காமல் இருப்பதுதான் நேர்மை.

இரண்டாவது, வேலை. இரவு ஷிப்ட் முடிந்து வரும் மனைவிக்குக் கணவன் சோறு வடித்து வைப்பது மரியாதை. குழந்தை எப்போது என்பதையும் இருவருமே முடிவு செய்யட்டும்.

மூன்றாவது, சண்டை. வள்ளுவர் 'வாழ்க்கைத் துணைநலம்', 'இனியவை கூறல்' இரண்டையும் இல்லறவியலில்தான் வைத்தார். கோபத்தில் எந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது, யாரிடம் யோசனை கேட்பது என்று முன்பே பேசட்டும். கை நீட்டினால் மட்டும் பொறுமையைப் போதிக்காதீர்கள். 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள்.

பொதுவாக, மணமாகி 2 ஆண்டுக்குள் மணவிலக்கு மனு செய்ய முடியாது. பிறகு ஒருவர் மட்டும் மனு செய்தாலும், பெரும்பாலும் முதலில் சமரசக் குழுவிடம் போக வேண்டும். கடைசியில் சட்டம் கூட்டிவரும் அந்த மூன்றாம் ஆளை, தொடக்கத்திலேயே நாம் தேடித் தரலாம். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் குடும்ப ஆலோசனையும் மணமாகப் போவோருக்கான பயிற்சியும் தருகிறது.

மண்டபம், புடவை, சாப்பாடு என்று எத்தனை மாலைகளைச் செலவழிக்கிறோம்! இந்த மூன்று பேச்சுக்கும் ஒரு மாலை ஒதுக்குங்கள், இரு வீட்டாரும் உட்கார்ந்து.