முத்து மிதக்குமா?

தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டு வரை முத்துக்குளிப்பு நடைபெற்றது. குளிப்பவர் கயிற்றில் கட்டிய கனமான கல்லில் கால் ஊன்றிக் கடலடிக்கு இறங்குவார். கடல்நீர் உடலை மேல்நோக்கித் தள்ளும். கல்லின் எடை அதை வெல்லும். நீரின் அடர்த்தியை 1 எனக் கொண்டால், கடல்நீரின் அடர்த்தி 1.03, கல், முத்து இரண்டுக்கும் ஏறக்குறைய 2.7. ஆகவே இரண்டும் மூழ்குகின்றன.

எண்ணெய் போல் ஓடக்கூடிய ஒரு திரவத்தில் முத்தை மிதக்க வைக்க முடியுமா? முடியும். அத்திரவமே காந்தப் பாய்மம். எடையற்ற விண்வெளியில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுப்பதற்காக, அமெரிக்க நாசா நிறுவனத்தின் ஸ்டீபன் பாப்பெல் 1963இல் இதை உருவாக்கினார். காந்தக்கல்லின் மிக நுண்ணிய துகள்கள் எண்ணெயில் கலந்திருக்கும். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்கு. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி அவற்றின் மேல் ஒரு பூச்சு உண்டு. மூலக்கூறுகளின் வெப்ப இயக்கம் அவற்றை அடியில் படிய விடுவதில்லை.

ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ ஆயிரம் கோடி கோடி துகள்கள் இருக்கலாம். ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து கணக்கிட எவராலும் இயலாது. ஆகவே நியூரிங்கர், ரோசன்ஸ்வைக் இருவரும் 1964இல் முழுக் கலவையையும் ஒரே தொடர்ச்சியான திரவமாகக் கருதினர். சாதாரணத் திரவத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு அழுத்தம் கூடும் அளவு, அடர்த்தியையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வருவது. காந்தப் பாய்மத்துக்கு அதனுடன் மற்றோர் உறுப்பு சேர்கிறது: திரவத்தின் காந்தமாக்கம் × காந்தப்புலம் மீட்டருக்கு மீட்டர் மாறும் அளவு.

இப்போது கணக்கிடுவோம். பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தத்தை வையுங்கள். திரவத்தின் காந்தமாக்கம் மீட்டருக்கு 10,000 ஆம்பியர். புலம் கீழ்நோக்கி மீட்டருக்கு 2 டெஸ்லா வீதம் கூடுகிறது எனக் கொள்வோம். பெருக்கினால், ஒரு கனமீட்டர் திரவத்தின் மீது 20,000 நியூட்டன் விசை. ஒரு கனமீட்டர் நீரின் எடையோ 9,800 நியூட்டன். எனவே திரவத்தின் அடர்த்தி சுமார் 2 கூடியது போலாகிறது. இயற்கை அடர்த்தி 1.1 எனில், இப்போது 3.1!

முத்து காந்தத்தால் இழுக்கப்படுவதில்லை. அதைச் சுற்றியுள்ள திரவமே கீழே இழுக்கப்பட்டு, முத்தை மேலே தள்ளுகிறது. மேலே செல்லச் செல்லக் காந்தத்தின் பிடி குறையும். கணக்கில் அடர்த்தி 2.7 ஆகும் இடத்தில் முத்து அந்தரத்தில் நிற்கும். காந்தத்தை அகற்றினால் மூழ்கிவிடும்.

ஆனால் இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. வலிய புலத்தில் துகள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் திரவத்தின் பாகுநிலை மாறும். அப்போது சமன்பாட்டில் மேலும் உறுப்புகள் தேவைப்படும்.

முத்து நிற்கும் இடத்தில் புலம் மீட்டருக்கு எத்தனை டெஸ்லா வீதம் மாறும்? காந்தமாக்கம் மாறவில்லை எனக் கொண்டு, நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

(விடை: சுமார் 1.6 டெஸ்லா)