முட்டை, தொட்டில், லாரி: சேலம், நாமக்கல் சீமையில் இதெல்லாம் தெரியுமா?

நாமக்கல் முட்டை கப்பலேறி வெளிநாடு போவது ஊருக்கே தெரியும். அது அரசுப் பள்ளிப் பிள்ளையின் தட்டுக்கு வந்த கதை தெரியுமா? 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது அதில் முட்டையே கிடையாது! 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்து, 2010-இல் வாரத்துக்கு ஐந்தாகிவிட்டது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம்! கோழிப்பண்ணையில் கூலிக்கு முட்டை பொறுக்கும் தாயின் பிள்ளைக்கும் அதே முட்டை, காசில்லாமல்!

தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் ஜெயலலிதா முதன்முதலில் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான், தெரியுமா? பெண் சிசுவைப் பிறந்த வீட்டிலேயே கொன்றுவிடும் கொடுமை நடந்த காலம் அது. 'கொல்ல வேண்டாம், எங்களிடம் விட்டுவிடுங்கள்' என்று அரசே தொட்டில் வைத்துக் காத்திருந்தது! பெற்றவர்கள் கைகழுவ இதுவே வழியாகிவிடும் என்று எதிர்ப்பும் வந்தது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் உயிர் தப்பிய பிள்ளைக்கு அந்தத் தொட்டில்தான் முதல் வீடு! ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 2001-இல் சேலத்தில் 851 பெண் குழந்தைகள்தான். 2011-இல் 916! தொட்டில் ஒன்றே இதைச் சாதித்துவிடவில்லை. வயிற்றிலிருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்வதற்குச் சட்டம் போட்ட தடையும் சேர்ந்துகொண்டது.

 

இனி லாரி. ஓட்டுநர் வாரக்கணக்கில் வடக்கே போய்விடுவார். ஊரைத் தாண்டாத மனைவிக்கு எச்.ஐ.வி. வந்து சேர்ந்த கொடுமையை இந்தச் சீமை எத்தனை வீடுகளில் பார்த்தது! சொந்தபந்தமே ஒதுக்கிவைத்த அந்தப் பெண்களுக்காக 1998-இல் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கை உருவாக்கியவர் யார் தெரியுமா? நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த கௌசல்யா பெரியசாமி! தனக்கும் தொற்று உண்டு என்று முகத்தை மறைக்காமல் சொன்னவர். அந்தத் துணிச்சலை எந்தத் திட்டத்துக்கும் குறைவாக நான் மதிக்க மாட்டேன்.

எய்ட்ஸ் ஒழிப்புக்கென்று தனிச் சங்கத்தை இந்தியாவிலேயே முதலில் அமைத்த மாநிலம் தமிழ்நாடு, 1994-இல்! எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து பிறகுதான் வந்தது; அதன் விலையோ லாரிக்காரர் குடும்பத்துக்கு எட்டாத உயரம். 2004 ஏப்ரல் 1 முதல் அரசு அதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் தாம்பரத்தில்; பிறகு நாமக்கல் அரசு மருத்துவமனையிலேயே கூட்டு மருந்து மையம்! இன்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் எந்தக் கர்ப்பிணிக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். தொற்று இருந்தாலும் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு வந்தால், வயிற்றுப் பிள்ளைக்கு அது போகாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம், தெரியுமா?