தேய்த்தால் போகாத கழுத்துக் கறுப்பு

பிள்ளையின் பின்கழுத்தில் தோல் கறுத்து, வெல்வெட் துணிபோல் தடித்துப் படர்ந்திருக்கும். அழுக்கு என்று நினைத்துக் கடலைமாவு போட்டுத் தேய்க்கும் தாய்மார் பலர். தேய்த்தால் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், உடல் அதை அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்பதற்குப் பெரும்பாலும் அதுவே அடையாளம். எடை கூடிய பிள்ளைகளிடம் அக்குளிலும் இதைப் பார்க்கலாம்.

2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் 5 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு உடல் பருமன். மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பதையும் அதே ஆய்வு காட்டியது. நாட்டின் மொத்தக் கணக்கு 18.3. இந்த இரண்டு செய்திகளையும் நம் வீடுகளில் சேர்த்தே படிக்க வேண்டும்.

தோட்டம் போனது, சாப்பாடு தங்கியது

கெடாவின் பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கோல கெட்டில் வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர்கள் விடியுமுன்னே எழுந்து, மரத்துக்கு மரம் நடந்து, பால் வாளி சுமந்தவர்கள். குவித்துப் போட்ட சோறும் கெட்டிப்பால் தேநீரும் அந்த உழைப்பில் கரைந்துவிடும். பிறகு மரங்கள் சாய்ந்தன. செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவைப் போன்ற இடங்களில் பெற்றோர் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். பேரப்பிள்ளை பள்ளிக்கு வேனில் போய் வேனில் திரும்புகிறான். லயத்துக்குப் பக்கத்திலிருந்த திடல் இல்லை. வீட்டு வாசலில் வண்டி ஓடும் சாலை. கைப்பேசியும் மேகியும்தான் மாலை நேரத்தை நிரப்புகின்றன. இதைப் பிள்ளையின் சோம்பேறித்தனம் என்பது பெரிய அநியாயம்.

உடல்வாகுக்கும் பங்குண்டு. புனே நகரில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தார்கள். இந்தியக் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் தசை குறைந்து, கொழுப்பு கூடியிருந்ததைக் கண்டார்கள். அதனால் நம் பிள்ளை பார்வைக்குச் சற்றே பூசினாற்போல் இருந்தாலும் கவனிக்கத்தான் வேண்டும்.

முதலில் குவளையைப் பாருங்கள்

ஒன்றை மட்டும் மாற்ற முடியும் என்றால், குடிக்கும் இனிப்பை மாற்றுங்கள் என்பேன். இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பாலில் ஏறக்குறைய 20 கிராம் சீனி இருக்கிறது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாள் முழுவதற்கும் அந்த அளவோடு நிறுத்துவது நல்லது. காலையில் மைலோ, பள்ளி விட்டதும் சிராப் தண்ணீர், இரவு உணவகத்தில் தே தாரேக் என்று போனால் அளவு மூன்று மடங்காகிவிடும். திரவமாக உள்ளே போகும் சீனி வயிறு நிறைந்த உணர்வைத் தருவதில்லை. குடித்த பிறகும் பிள்ளை அதே அளவு சோறு சாப்பிடும்.

அரசாங்கம் 2019 ஜூலையில் சீனி வரி கொண்டுவந்தது. 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென். 2025-இல் அது 90 சென் ஆனது. ஆனால், கடையில் கையால் கலக்கும் தேநீரை அந்த வரி தொடாது. அங்கே நாம்தான் ‘குராங் மானிஸ்’ (இனிப்புக் குறைவாக) என்று சொல்ல வேண்டும். பிறகு மெல்ல மெல்ல சீனியே இல்லாத ‘கோசோங்’ பக்கம் போகலாம். வீட்டுக் குளிர்பெட்டியில் வெறும் தண்ணீர் மட்டும் இருக்கட்டும். அப்பா பாட்டில் பானம் குடித்துக்கொண்டு பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் எடுபடாது.

பாட்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் தப்பிய குடும்பங்கள் நம்முடையவை. கொழுகொழு பிள்ளையைப் பார்த்துப் பாட்டி மகிழ்வதில் அந்தப் பசியின் நினைவு இருக்கிறது. அவரோடு சண்டை வேண்டாம். முருங்கைக்கீரையும் பச்சைப்பயறும் சமைக்கத் தெரிந்தவர் அவர்தான். சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ தட்டை அவரிடமே விளக்குங்கள்: பாதித் தட்டு காய்கறி, பழம், கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், முட்டை அல்லது பயறு.

பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது. வளரும் வயதில் எடை ஏறாமல் நின்றாலே பலருக்குப் போதும். உயரம் கூடக்கூட உடல் சரியாகும். தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். நேரத்தோடு தூங்க வேண்டும். ‘குண்டா’ என்று கூப்பிடுவதை உறவினர்கள் உட்பட எல்லாரும் நிறுத்த வேண்டும்; மனம் நொந்த பிள்ளை ஒளித்துச் சாப்பிடத் தொடங்கும்.

எப்போது கிளினிக்குப் போவது?

ஒரு நூலால் பிள்ளையின் உயரத்தை அளந்து, அதைப் பாதியாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நூல் எட்டவில்லை என்றால் வயிற்றில் கொழுப்பு கூடியிருக்கக்கூடும். கழுத்துக் கறுப்பு, பலத்த குறட்டை, வகுப்பில் தூங்கி வழிதல், வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு மாதவிலக்குத் தாறுமாறாதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், திடீரென எடை இறங்குதல் ஆகியவற்றோடு வாந்தியும் சோர்வும் சேர்ந்தால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, கூலிம் என எந்த அரசு மருத்துவமனை பக்கமோ, உடனே அதன் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.